முடிவை ‘மேக்’ பண்ணுவதா, ‘டேக்’ பண்ணுவதா?

வாசகர் கேள்வி, ஜனவரி 6, மாலை

‘மேக் எ டிசிஷன்’ என்று எழுதினேன், ஒருவர் ‘டேக்’ என்று திருத்தினார். அடுத்த முறை ‘டேக்’ என்று எழுதினேன், இன்னொருவர் ‘மேக்’ என்று திருத்தினார். மேக், டூ, டேக், ஹேவ், கிவ், இந்த ஐந்தில் எது எந்தப் பெயர்ச்சொல்லோடு வரும் என்பதற்கு விதி ஏதாவது உண்டா? மனப்பாடம் பண்ணச் சொல்லாதீர்கள்.

ஜனவரி 6, இரவு 9.40

திருத்திய இருவருமே சரி. அமெரிக்க ஆங்கிலத்தில் முடிவுக்கு ‘மேக்’தான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டும் உண்டு, நிர்வாக எழுத்தில் ‘டேக்’ நிறையவே வரும். ஒருவர் இந்தக் கரையில் நின்று திருத்தியிருக்கிறார், மற்றவர் அந்தக் கரையில். நடுவில் நனைந்தது நீங்கள்.

விதி கேட்டீர்கள். பாடப்புத்தகம் சொல்வது: புதிதாக ஒன்று உண்டானால் ‘மேக்’, செய்கிற வேலையாக இருந்தால் ‘டூ’. ‘மேக் எ நாய்ஸ்’, ‘மேக் எ பிளான்’, ‘மேக் எ மிஸ்டேக்’. முன்பு இல்லாத சத்தமும் திட்டமும் தப்பும் இப்போது இருக்கின்றன. ‘டூ ஹோம்வொர்க்’, ‘டூ எக்சர்சைஸ்’ என்பவை வேலைகள். இதுவரை சரி. அப்புறம் ‘டூ டேமேஜ்’ வந்து நிற்கிறது. சேதமும் முன்பு இல்லாததுதானே? விதிப்படி ‘மேக்’ வர வேண்டும், வரவில்லை. ஆனால் அறையை அலங்கோலப்படுத்தினால் ‘மேக் எ மெஸ்’. ‘எஃபர்ட்’ என்றால் ‘மேக்’, அதே முயற்சியை முழுமூச்சாகச் செய்தால் ‘டூ யுவர் பெஸ்ட்’. இந்த விதி பாதி வழி கூட வந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விடும்.

ஜனவரி 6, இரவு 10.15

வியாபாரத்துக்கு ‘டூ’, பேரத்துக்கு ‘மேக்’ என்று இன்னொரு உதாரணம் சேர்க்க நினைத்தேன். நல்ல வேளை, சேர்க்கவில்லை. பிரிட்டனில் ‘டூ எ டீல்’ சகஜம்.

ஜனவரி 7

‘மேக் தி பெட்’ பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். என் மகள் சிறுமியாக இருந்தபோது இதையே கேட்டாள். “கட்டில்தான் ஏற்கெனவே இருக்கே, எதுக்கு மறுபடியும் செய்யணும்?” விரிப்பை உதறி, மடிப்பு நீக்கி, தலையணையைச் சரியாக வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்றேன். “அப்போ ‘மேக்’னா செய்யறது இல்லையா?” என்றாள். பதில் வரவில்லை. விரிப்பை நானே உதறிப் போட்டேன்.

ஜனவரி 9

“விதி இல்லை என்றால் அது என்ன மொழி” என்று ஒரு சலிப்பு. நம் மொழியைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

பள்ளியில் வினைமரபு என்று ஒரு பக்கம் படித்தோமே. கூடை முடைந்தான், பானை வனைந்தான், ஆடை நெய்தான், பாய் பின்னினான், கூரை வேய்ந்தான், அம்பு எய்தான். எல்லாவற்றுக்கும் ‘செய்தான்’ என்று போட்டால் பொருள் புரியும், மதிப்பெண் கிடைக்காது. ஏன் பானையை முடையக்கூடாது என்று எந்த ஆசிரியரும் காரணம் சொன்னதில்லை. அதற்குப் பெயரே மரபு.

இதைத்தான் ஆங்கிலத்தில் ‘கொலகேஷன்’ என்கிறார்கள். ஜே. ஆர். ஃபிர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்று 1957இல் எழுதினார். நம் வீடுகளில் பையனைப் பற்றி ‘சேர்க்கை சரியில்லை’ என்பார்களே, அதே தர்க்கம்.

ஜனவரி 10

முடைவதும் வனைவதும் பழைய சொற்கள், அவற்றை வைத்து வாதாடுவது நியாயமில்லை என்கிறார் ஒருவர். ஒப்புக்கொள்கிறேன். தினமும் வாயில் வருவதையே எடுப்போம்: ‘போடு’.

கையெழுத்துப் போடு. சண்டை போடு. கணக்குப் போடு. சத்தம் போடு. ஊசி போடு. ஓட்டுப் போடு. தாளம் போடு. பூட்டுப் போடு. சட்டை போடு. தூக்கம் போடு. இதில் எத்தனை இடத்தில் ஒரு பொருளை எடுத்து இன்னொன்றின் மேல் வைக்கிறோம்? பூட்டில் இருக்கலாம், சட்டையில் இருக்கலாம். சண்டையில் என்ன இருக்கிறது? வினை தன் சொந்தப் பொருளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருகிறது. அர்த்தம் முழுக்கப் பெயர்ச்சொல்லின் தலையில். காலம், இடம், பால் காட்டுவதோடு வினையின் வேலை முடிந்தது.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1942இல் இப்படிப்பட்ட ஆங்கில வினைகளுக்கு ‘லைட் வெர்ப்’ என்று பெயர் வைத்தார். எடை இல்லாத வினை. நம் ‘போடு’, ‘விடு’, ‘அடி’, ‘எடு’ எல்லாம் அந்த வர்க்கம். மூச்சு விடு, கொட்டாவி விடு, கதை விடு. மணி அடி, வெயில் அடி, காப்பி அடி, கண் அடி. இதெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை.

(பட்டியலுக்கும் ‘போடு’தான், பார்த்தீர்களா.)

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

இந்தப் ‘போடு’ எனக்குச் செய்த துரோகத்தைச் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு கதையை ஆங்கிலத்தில் கொண்டுபோனேன். அண்ணனும் தம்பியும் சண்டை போட்டார்கள் என்று ஒரு வரி. ‘தே புட் எ ஃபைட்’ என்று எழுதியிருக்கிறேன். சரிபார்த்தவர் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, சிவப்பு மையில் நடுவில் ‘அப்’ என்று ஒரு சின்னச் சொல்லை நுழைத்தார். ‘தே புட் அப் எ ஃபைட்’. இலக்கணம் சுத்தம். பொருள்தான், பலசாலியான எதிரியை விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நின்றார்கள் என்று ஆகிவிட்டது. அச்சிலும் வந்தது. ஒரு கைக்குட்டைக்காக உருண்டு புரண்ட இரண்டு பையன்கள் வீரர்கள் ஆனார்கள். வேண்டியிருந்தது ‘ஹேட் எ ஃபைட்’, அவ்வளவுதான்.

சண்டைக்கு ஆங்கிலத்தில் ‘ஹேவ்’. வாக்குவாதத்துக்கும் ‘ஹேவ்’. கனவுக்கும் ‘ஹேவ்’. நாம் கனவைக் காண்கிறோம், அதனால் ‘ஐ சா எ டிரீம்’ என்று எழுதாதவர் நம்மில் குறைவு.

ஜனவரி 14

நல்ல கேள்வி வந்திருக்கிறது: ‘லுக்’ என்றே வினை இருக்கும்போது ‘ஹேவ் எ லுக்’ எதற்கு? ‘ரெஸ்ட்’ இருக்கும்போது ‘ஹேவ் எ ரெஸ்ட்’ எதற்கு? ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு மூன்று சொல் ஏன்?

‘தூங்கு’ இருக்கும்போது ‘ஒரு தூக்கம் போடு’ எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். ‘தூங்கினேன்’ என்றால் ராத்திரி முழுக்கத் தூங்கியதாகவும் இருக்கலாம். ‘ஒரு தூக்கம் போட்டேன்’ என்றால் நடுவில் கிடைத்த இடைவெளியில், அளவாக, சுகமாக. ‘நடந்தேன்’ வேறு, ‘ஒரு நடை போய்விட்டு வந்தேன்’ வேறு. அந்த ‘ஒரு’ செயலைக் கத்தரித்து ஒரு துண்டாக்கிக் கையில் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ‘எ’ செய்வதும் இதுதான்.

இன்னொரு லாபம், பெயர்ச்சொல் ஆனதும் அதற்கு அடைமொழி மாட்டலாம், எண்ணலாம். நீண்ட பார்வை, மூன்று தவறு, கடைசி முயற்சி. வினையாகவே இருந்தால் இதையெல்லாம் சொல்ல வாக்கியம் முக்க வேண்டும்.

ஆனால் எல்லா வினைக்கும் இது ஒத்து வராது. ‘ஹேவ் எ டிரிங்க்’ உண்டு, ‘ஹேவ் அன் ஈட்’ கிடையாது. ஏன் என்று ஆன்னா வியெஷ்பிட்ஸ்கா என்ற மொழியியலாளர் 1982இல் ஒரு கட்டுரையே எழுதினார், தலைப்பும் இந்தக் கேள்விதான். சாரம் இது: கொஞ்ச நேரம் நடப்பது, வேண்டுமானால் மறுபடி செய்யக்கூடியது, செய்பவருக்கு இதமானது, வேறு பெரிய காரியத்தை முடிப்பதற்காக இல்லாதது. அப்படிப்பட்ட செயலுக்குத்தான் இந்த ‘ஹேவ்’ பொருந்தும். ‘ஹேவ் எ சாட்’ சரி, ‘ஹேவ் எ வொர்க்’ வராது. ‘ஒரு தூக்கம் போடு’ வரும், ‘ஒரு உழைப்புப் போடு’ வராது. சோம்பேறித்தனத்துக்குத்தான் மொழியில் இத்தனை இடம்.

ஜனவரி 15

நேற்று விட்டது: குளியலுக்கு பிரிட்டனில் ‘ஹேவ் எ பாத்’, அமெரிக்காவில் ‘டேக் எ பாத்’. பார்வைக்கு இரண்டும் இரண்டு இடத்திலும் கேட்கும். ஆனால் ‘கிவ்’ வந்தால் ஜாக்கிரதை. ‘கிவ் ஹிம் எ லுக்’ என்றால் முறைப்பது.

ஜனவரி 19

பிடிப்பது பற்றி ஒன்று தோன்றியது. ஆங்கிலத்தில் ஆள் சளியைப் பிடிக்கிறார்: ‘கேட்ச் எ கோல்ட்’. தமிழில் சளி ஆளைப் பிடிக்கிறது: எனக்குச் சளி பிடித்திருக்கிறது. பைத்தியமும் நம்மைப் பிடிக்கும், சனியும் நம்மைப் பிடிக்கும். ஆங்கிலேயர் எல்லாவற்றையும் தானே ஓடிப் பிடிக்கிறார். நாம் உட்கார்ந்த இடத்தில் பிடிபடுகிறோம். நோயும் நெருப்பும் தமிழில் எழுவாய், ஆங்கிலத்தில் செயப்படுபொருள்.

ஜனவரி 20

நேற்றைய தத்துவம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ‘வீடு தீப்பிடித்தது’ என்று சொல்வோமே என்று ஒருவர் காட்டிவிட்டார். வாஸ்தவம். அங்கே வீடுதான் எழுவாய், ‘தி ஹவுஸ் காட் ஃபயர்’ என்பதன் நேர் நகல் மாதிரி நிற்கிறது. ‘வீட்டில் தீப்பிடித்தது’ என்றும் சொல்கிறோம், அது என் கட்சி. இரும்பும் துருப்பிடிக்கிறது. நெருப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சளி என்னிடமே இருக்கட்டும்.

ஜனவரி 23

நாம் கலந்து பேசுகிற தமிழில் ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. ‘டிசைட் பண்ணினேன்’ என்கிறோம். ‘டிசிஷன் பண்ணினேன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘டிசிஷன் எடுத்தேன்’தான். ஆங்கில வினை வந்தால் ‘பண்ணு’, ஆங்கிலப் பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் அதற்கு உரிய தமிழ் வினை. ‘டிஸ்கஸ் பண்ணு’, ஆனால் ‘மீட்டிங் போடு’. இலக்கணமே இல்லாத பேச்சு என்று திட்டுகிறோம், அதற்குள் இவ்வளவு கறாரான கணக்கு.

‘போன் பண்ணு’ என்பது? அங்கே ‘போன்’ வினையா பெயரா என்று கேட்டால் சிக்கல்தான், ஆங்கிலத்திலேயே அது இரண்டுமாக இருக்கிறது. ‘போன் போடு’, ‘போன் அடி’ என்றும் சொல்கிறோம். அப்போது அது பெயராக மாறிக்கொள்கிறது போல.

இந்த ‘எடு’ திரும்பி ஆங்கிலத்துக்குள்ளும் போகிறது. ‘ரெஸ்ட் எடு’ என்று பழகிய வாய் ‘டேக் ரெஸ்ட்’ என்கிறது. ‘டேக் எ ரெஸ்ட்’ அல்லது ‘கெட் சம் ரெஸ்ட்’ என்றால்தான் அவர்கள் காதுக்கு இயல்பு. ‘பொய் சொல்லாதே’ என்பது ‘டோன்ட் சே லைஸ்’ ஆகிறது. பொய்க்கும் உண்மைக்கும் அங்கே ‘டெல்’. தப்புக்கு ‘கமிட்’ போடும் பழக்கமும் நம் பக்கம் உண்டு. குற்றம், பாவம், கொலை அளவுக்குப் போனால்தான் ‘கமிட்’. கணக்கில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனதற்கு ‘மேக்’ போதும், போலீஸ் தேவையில்லை.

ஜனவரி 27

“கடைசியில் மனப்பாடம்தான் வழியா?” என்று முதலில் கேட்டவரே மறுபடி கேட்கிறார்.

பாதி ஆமாம். ஆனால் எல்லோரும் தலைகீழாக மனப்பாடம் செய்கிறார்கள் என்பது என் கட்சி. ‘மேக்’ என்று தலைப்பு எழுதி அதன் கீழ் நாற்பது பெயர்ச்சொல். அடுத்த பக்கம் ‘டூ’, அதன் கீழ் நாற்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே மறந்தது.

எழுத உட்காரும்போது மனதில் முதலில் வருவது பெயர்ச்சொல்தான். முடிவு, கவனம், முயற்சி, சந்தேகம். வினையைத்தான் தேடுகிறோம். அப்படியானால் நோட்டில் தலைப்பாக இருக்க வேண்டியது பெயர்ச்சொல். என் நோட்டில் ‘அட்டென்ஷன்’ பக்கம் இப்படி இருக்கிறது: நாம் கொடுத்தால் ‘பே’, இன்னொருவருடையதை ஈர்த்தால் ‘டிரா’ அல்லது ‘அட்ராக்ட்’, சட்டென்று கண்ணில் பட்டு இழுத்தால் ‘கேட்ச்’, இழுத்ததை நழுவ விடாமல் வைத்தால் ‘ஹோல்ட்’, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற்றினால் ‘டர்ன்’. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ‘கிவ்?’ என்று ஒரு கேள்விக்குறி. பிறகு அதை அடித்துவிட்டு ‘உண்டு’ என்று எழுதியிருக்கிறேன். இந்த ஒரு பக்கம் மறக்கவே இல்லை, ஏனென்றால் அது பட்டியலாக இல்லை. கவனம் என்ற ஒன்றுக்கு என்னென்ன நேரலாம் என்ற கதையாக இருக்கிறது.

சந்தேகம் வந்தால் தேடிப் பார்க்க பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் இருக்கிறது, சுமார் 10 கோடி சொல் கொண்ட தொகுப்பு. 1990களின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது, அதனால் புதுப் பழக்கத்துக்கு அதை நம்பக்கூடாது. முடிவுக்கும் குளியலுக்கும் போதும்.

ஜனவரி 28

கவனத்துக்கு ‘பே’ ஏன் என்று கேட்டவருக்கு: நாமும் கவனம் செலுத்துகிறோம், கட்டணமும் செலுத்துகிறோம். அஞ்சலி, மரியாதை இரண்டும்கூட அங்கே ‘பே’, இங்கே ‘செலுத்து’. இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று மயங்கினால், ‘பே எ விசிட்’, ‘பே எ காம்ப்ளிமென்ட்’ இரண்டும் வந்து கெடுக்கும். வருகையையும் பாராட்டையும் நாம் செலுத்துவதில்லை.

மற்ற மொழிக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். ஸ்பானிஷில் கவனத்தைக் கடன் கொடுப்பார்கள், பிரெஞ்சில் கவனத்தைச் செய்வார்கள். முடிவைப் பிரெஞ்சுக்காரர் எடுக்கிறார், நம்மைப் போல. ஜெர்மானியர் முடிவுக்குப் போடும் வினைக்குச் சந்திப்பது, குறியில் அடிப்பது என்று பொருள். புகைப்படத்தையோ அவர்கள் ‘செய்கிறார்கள்’, அதனால் ‘மேக் எ போட்டோ’ என்று அவர்கள் தடுக்கி விழுவார்கள். அந்த இடத்தில் நாம் தப்பிக்கிறோம், நமக்குப் படம் ‘எடு’.

பிப்ரவரி 3

ஆங்கிலம்தான் கஷ்டம் என்ற தொனி இந்தப் பக்கம் முழுக்க ஏறிக்கொண்டே போகிறது. எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் பேசுகிறேன்.

‘வேர்’ என்று ஒரே வினை. சட்டை, தொப்பி, கடிகாரம், பொட்டு, பூ, செருப்பு, வாசனைத் திரவியம், எல்லாவற்றுக்கும் அது போதும். தமிழ் கற்றுக்கொள்ள வந்த ஒரு வெளிநாட்டு நண்பர் என்னிடம் அழாத குறை. சட்டை போடு, வேட்டி கட்டு, பொட்டு வை, பூ வை அல்லது சூடு, கடிகாரம் கட்டு, கண்ணாடி போடு. அவர் ‘கடிகாரம் வைத்தேன்’ என்றார். “எங்கே வைத்தீர்கள்?” என்று நான் மேஜையைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டைக் காட்டினார்.

நமக்கும் அங்கே ஒரு குழி இருக்கிறது. சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருக்கும்போது ‘ஐ ஆம் வேரிங்’ என்போம். அது ஏற்கெனவே போட்டிருக்கும் நிலையைச் சொல்லும். போட்டுக்கொண்டிருக்கும் செயலுக்கு ‘புட்டிங் ஆன்’.

வாத்தியங்களும் இப்படித்தான். ‘ப்ளே’ ஒன்றே போதும் அங்கே. இங்கே குழல் ஊதினான், மத்தளம் கொட்டினான், யாழ் மீட்டினான். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால்? தொல்காப்பியர் இந்தச் சிக்கலையே ஒரு நூற்பாவாக்கியிருக்கிறார்: ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’. தனித்தனி வினை கொண்ட பொருள்களுக்குப் பொதுவாக ஒரு பெயர் இருந்தால், அந்தப் பொதுப்பெயருக்கு ஒன்றின் வினையை மட்டும் கொடுக்கக்கூடாது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம், இயம் என்றால் எல்லா வாத்தியமும். ஆகவே ‘இயம் ஊதினார்’ என்றாலும் தப்பு, ‘கொட்டினார்’ என்றாலும் தப்பு, ‘இயம்பினார்’ என்று பொதுவினை போட வேண்டும். எல்லா நகைக்கும் பொதுப்பெயரான அணிக்கு ‘கவித்தார்’, ‘பூண்டார்’ கூடாது, ‘அணிந்தார்’.

எந்தப் பெயருக்கு எந்த வினை என்பது இலக்கணக்காரரின் கவலை என்று அவர் அப்போதே தீர்மானித்துவிட்டார். இன்றைக்கு ‘வாசி’ என்ற ஒரே சொல்லால் முக்கால்வாசி வாத்தியத்தை முடித்துவிடுகிறோம். பறையை மட்டும் இன்னும் அடிக்கிறோம்.

பிப்ரவரி 4

“தேர்வுக்கு என்ன வினை?” சுருக்கமாக: ‘டேக்’ எங்கும் செல்லும். பிரிட்டனில் ‘சிட்’ உண்டு. ‘ரைட்’ இந்தியாவிலும் கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் புழங்குகிறது, ஆகவே ‘தேர்வு எழுது’ என்பதிலிருந்து நாம் கொண்டுபோன தப்பு என்று வெட்கப்பட வேண்டாம். ‘கிவ்’ மட்டும் வேண்டாம், அது தேர்வு வைக்கிறவர் செய்வது.

பிப்ரவரி 12

திசை மாறுகிறேன், மன்னிக்கவும். ‘டேக்’ ஆங்கிலத்துக்குச் சொந்தச் சொல்லே இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டிப் போன வைகிங்குகளோடு வந்த சொல், அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியைச் சேர்ந்தது. அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்தது ‘நிமன்’, ஜெர்மனில் இன்னும் ‘நேமன்’ என்று உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது செத்துப்போய் ஓரிரு எலும்புகளை மட்டும் விட்டுச் சென்றது. அதில் ஒன்று, மரத்துப்போவதைக் குறிக்கும் ‘நம்’ (numb). உணர்வு ‘எடுக்கப்பட்டது’ என்று பொருள். ‘கெட்’டும் நார்ஸ் வழி வந்ததுதான். வெளியிலிருந்து வந்த இரண்டு வினைகள் வீட்டுப் பெயர்ச்சொற்களை எல்லாம் வளைத்துப் போட்டுக்கொண்டன. நாம் ‘பண்ணு’ வைத்து ஆங்கில வினைகளை வளைத்துப் போடுவது அதற்கு நேர் எதிர்.

பிப்ரவரி 21

முதலில் கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். ‘மேக்’கும் வேண்டாம், ‘டேக்’கும் வேண்டாம் என்று வெறும் ‘டிசைட்’ என்று மாற்றி அனுப்பினாராம். இருவரும் வாயைத் திறக்கவில்லையாம்.

சபாஷ். ஆனால் ஜனவரி 14 அன்று எழுதியதை ஒரு முறை பாருங்கள். அடுத்த வாக்கியத்தில் ‘கடினமான முடிவு’ என்று வந்தால் அந்தக் ‘கடின’த்தை ‘டிசைட்’டின் எந்தப் பக்கத்தில் மாட்டுவீர்கள்?